டவர் விஷயத்தில் யார் பேச்சு செல்லும்? சேலம், ஏற்காட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பக்கத்து மொட்டைமாடியில் டவர் ஏறினாலும், தெருவில் கேபிளுக்குக் குழி வெட்டினாலும், நம் ஆட்கள் முதலில் போவது கவுன்சிலரிடம், அப்புறம் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு. இரண்டு இடத்திலும் "எங்க கையில ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் சென்ட்ரல் கவர்மென்ட்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொலைத்தொடர்புச் சட்டம் எதையெல்லாம் டெல்லிக்குக் கொண்டுபோனது, எது இன்னும் இங்கே இருக்கிறது என்பதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வழக்குப் போடுவதாக இருந்தால் வக்கீலைப் பாருங்கள், அதற்கு இது போதாது.

அந்தச் சட்டத்துக்கு ஓட்டெடுப்பு எப்போது நடந்தது?

2023 டிசம்பர் 18 அன்று மசோதா மக்களவையில் அறிமுகமானது. 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை, 24ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தையும் 1933ஆம் வருடத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தையும் தூக்கிவிட்டு வேறு சட்டம் கொண்டுவர ஒரு வாரம் போதுமாக இருந்திருக்கிறது.

அந்த வாரம் அவை எப்படி இருந்தது என்பதும் தெரிய வேண்டும். டிசம்பர் 13 அன்று பார்வையாளர் மாடத்திலிருந்து இரண்டு பேர் மக்களவைக்குள் குதித்துப் புகைக்குப்பி வீசினார்கள். அதற்கு உள்துறை அமைச்சர் விளக்கம் சொல்ல வேண்டும் என்று கேட்டு எதிர்க்கட்சிகள் அமளி செய்ய, கூட்டத்தொடர் முடிவதற்குள் இரண்டு அவைகளிலும் சேர்த்து 146 உறுப்பினர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். எதிர்க்கட்சி வரிசை பெருமளவு காலியாகக் கிடக்கும்போது இந்த மசோதா வந்தது, இரண்டு அவையிலும் குரல் வாக்கில் நிறைவேறியது.

நம் எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்?

சொல்ல முடியாது. குரல் வாக்கு என்றால் ஆதரிப்பவர்கள் ஒரு சத்தம், எதிர்ப்பவர்கள் ஒரு சத்தம்; அவைத் தலைவர் காதால் கேட்டு முடிவு சொல்வார். யார் பெயரும் பதிவாகாது. உறுப்பினர் ஒருவர் எழுந்து வாக்கு எண்ண வேண்டும் என்று கேட்டால் பொத்தானை அழுத்தி ஓட்டுப் போட வைப்பார்கள், பெயர் வாரியாகப் பதிவாகும். இந்த மசோதாவில் அது நடக்கவில்லை. எனக்கு இதில் பெரிய வருத்தமே இதுதான், சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட.

ஏற்காட்டுக்காரர்கள் சேலம் எம்.பி.யைக் கேட்டும் பயனில்லை, ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் வருகிறது. மலையிலிருந்து இறங்கினால் சேலம், ஓட்டுக்கு மட்டும் கள்ளக்குறிச்சி. சேலத்துக்கு அப்போது எம்.பி.யாக இருந்தவர் எஸ்.ஆர்.பார்த்திபன். டிசம்பர் 14 அன்று சஸ்பெண்ட் ஆனவர்கள் பட்டியலில் அவர் பெயரும் வந்தது, ஆனால் மனிதர் அன்றைக்கு அவையிலேயே இல்லை! ஆள் மாறிவிட்டது என்று பிறகு பெயரை நீக்கினார்கள். அவையில் யார் இருந்தார் யார் இல்லை என்பதே தகராறான வாரத்தில் யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று எங்கே போய்த் தேடுவது?

அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. 1995 ஆகஸ்டில் அங்கே தொலைத்தொடர்பு மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது, சாலையோரத்தைப் பயன்படுத்துவதற்குக் கட்டணம் வாங்கும் உரிமை உள்ளாட்சிகளிடமே இருக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஆதரவு 338, எதிர்ப்பு 86. தன் தொகுதிக்காரர் எந்தப் பக்கம் நின்றார் என்று அந்த ஊர்க்காரர் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம். அதற்காக அங்கே உள்ளாட்சி ராஜ்ஜியம் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1996இல் வந்த சட்டம் டவர் எங்கே நிற்கலாம் என்பதை ஊருக்கு விட்டது, ஆனால் அங்குள்ள மத்திய தொலைத்தொடர்பு ஆணையம் வைத்த கதிர்வீச்சு வரம்புக்குள் இருக்கும் டவரைக் கதிர்வீச்சைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது.

மாநில அரசுக்கு இதில் அதிகாரமே கிடையாதா?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியல் 31ஆவது இனம்: அஞ்சல், தந்தி, தொலைபேசி, கம்பியில்லாத் தொடர்பு, ஒலிபரப்பு, இவை போன்ற மற்றவை. அதனால் சட்டம் இயற்றும் உரிமை நாடாளுமன்றத்துக்குத்தான், 2023இல் யாரும் புதிதாகப் பறித்ததில்லை. 1885இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்திலேயே கம்பி இழுக்கும் அதிகாரம் மத்திய அரசிடம்தான் இருந்தது.

ஆனால் நிலம், உள்ளாட்சி, நில-கட்டட வரி மூன்றும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அலைக்கற்றை டெல்லியுடையது, அதைச் சுமக்கும் கம்பம் நிற்கிற மண் நம்முடையது. தகராறு எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

டெல்லி பிடி எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க அரசு கேபிள் கதை போதும். 2011இல் அரசு கேபிள் டி.வி. நிறுவனத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள், குறைந்த கட்டணம் என்று வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. டிஜிட்டல் உரிமம் கேட்டு 2012இல் மனுப் போட்டார்கள். மாநில அரசுகள் இந்தத் தொழிலுக்கே வரக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் நிலைப்பாடு. மனு டெல்லியில் கிடந்து கிடந்து, உரிமம் கைக்கு வந்தது 2017 ஏப்ரலில். ஒரு மாநில அரசுக்கே கேபிள் நடத்த அந்தப் பாடு.

கவுன்சிலரோ கிராம சபையோ தீர்மானம் போட்டால் டவர் நின்றுவிடுமா?

தீர்மானத்தால் மட்டும் நிற்காது. பொது இடம் என்றால், அதாவது மாநகராட்சி, ஊராட்சி, நெடுஞ்சாலை இடம் என்றால், நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும், அந்த அமைப்பு முடிவு சொல்ல வேண்டும். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். பேசாமல் ஃபைலைப் போட்டு வைத்திருந்தால்? கம்பமும் கேபிளும் கொண்டுபோவதற்கான வழியுரிமை விதிகள் இதற்குக் கெடு வைத்திருக்கின்றன: பழைய 2016 விதிகளில் 60 நாள், 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள புதிய விதிகளில் 67 நாள் கழிந்தால் அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம். எதிர்ப்பு இருந்தால் அந்தக் கெடுவுக்குள் காரணம் காட்டி எழுத வைக்க வேண்டும். "மக்கள் விரும்பவில்லை" என்று ஒற்றை வரி எழுதினால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பள்ளிக்கூட வாசலை மறைக்கிறது, மழைநீர் வடிகால் மேல் அடித்தளம் வருகிறது, மேட்டூர் தண்ணீர்க் குழாய் அடியில் போகிறது என்று அளவுகளைக் குறிப்பிட்டு எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கட்டணமும் உள்ளாட்சி இஷ்டம் இல்லை. தெருவிளக்குக் கம்பத்தில் மாட்டும் சின்ன ஆன்டெனாவுக்கு ஆண்டுக்கு நகரத்தில் 300 ரூபாய், கிராமத்தில் 150 ரூபாய் என்று 2022 திருத்தம் வைத்தது. கம்பம் மாநகராட்சியுடையது, கரன்ட் பில் மாநகராட்சி கட்டுகிறது, வாடகை எவ்வளவு என்பதை டெல்லி சொல்கிறது. ஐந்து ரோட்டில் ஒரு பெட்டிக்கடைக்காரர் தினப்படி கட்டுவதோடு இதை வைத்துப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளாட்சி உரிமை என்று டெல்லியைப் பார்த்துப் பேசும் நம் மாநிலத்தில், சேலம் மாவட்டக் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5உடன் முடிந்தபோது தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவரே இல்லாத ஊராட்சிக்கு 67 நாள் கெடு ஓடினால் யார் பதில் எழுதுவது?

பக்கத்து வீட்டுக்காரர் மொட்டைமாடியை டவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். எங்களை யாரும் கேட்கவே இல்லையே?

கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2022 ஆகஸ்டில் விதிகளைத் திருத்தியபோதே, தனியார் கட்டடத்தில் வைக்க உள்ளாட்சியின் அனுமதி தேவையில்லை, தகவல் கொடுத்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் கட்டடம் அந்த எடையைத் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளர் சான்று இருக்க வேண்டும். நான் பார்த்த வரையில் உள்ளூரில் உருப்படியாகப் பிடிக்க ஒரு நுனி இருக்கிறது என்றால் இதுதான்.

குகை, செவ்வாய்பேட்டை பக்கம் ஏதாவது ஒரு பழைய மாடிக்கு ஏறிப் பாருங்கள். இரும்புச் சட்டகம் பழைய தளத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிற்கும், ஒரு பக்கம் பேட்டரி அலமாரி, அதற்கு இரண்டு முழம் தள்ளி தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்கு அடியில் ஈரம் பூத்து சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரியும். கீழே குடியிருப்பவருக்கு ராத்திரி முழுக்க மின்விசிறி இரைச்சல், கரன்ட் போனால் ஜெனரேட்டர் சத்தம். கதிர்வீச்சு கதிர்வீச்சு என்று கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தச் சான்றின் நகல் எங்கே, யார் கையெழுத்து, எந்தத் தேதி என்று கேளுங்கள். சான்று இருக்கிறது என்று சொல்வது வேறு, கண்ணில் காட்டுவது வேறு. மாநகராட்சிக்குக் கொடுத்த தகவலில் அது இருக்க வேண்டும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நகல் கேட்கலாம்.

மாநகராட்சி நேரில் வந்து சீல் வைக்கட்டும் என்று சிலர் கேட்கிறார்கள். புதிய சட்டப்படி, மத்திய அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் டவருக்குச் சீல் வைப்பதோ இயக்கத்தை நிறுத்துவதோ எந்தப் பொது அமைப்பும் செய்ய முடியாது, இயற்கைப் பேரிடர் மாதிரி அவசரம் தவிர. அந்தக் கதவு அடைத்தாகிவிட்டது.

என் சொந்த நிலத்தில் வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்களா?

பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், அடுத்த காட்டுக்காரரிடம் போவார்கள். சட்டம் விட்டுவிடவில்லை. பிரிவு 12 முதலில் ஒப்பந்தம் பேசச் சொல்கிறது. உரிமையாளர் மறுத்து, பொதுநலனுக்கு அந்த இடம் அவசியம் என்று மத்திய அரசு முடிவு செய்தால், வழியுரிமையை எடுத்துக்கொள்ளலாம். நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும், பயன்படுத்தும் உரிமை மட்டும் போகும், இழப்பீடு உண்டு. இந்தத் தகராறுகள் மாவட்ட ஆட்சியரிடம் போகும், இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதி. ஒப்பந்தம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: காலம் முடிந்ததும் யார் செலவில் இறக்குவது என்ற வரி இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

டவருக்குச் சொத்து வரி போடலாமா?

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில், டவரைக் கட்டடமாகக் கருதி மாநிலங்கள் வரி போடலாம் என்று தீர்ப்பளித்தது. உள்ளாட்சிகளுக்குக் கிடைத்த பெரிய வெற்றி அது. ஏழு வருடம் கழித்து 2023 சட்டத்தின் பிரிவு 14, தொலைத்தொடர்பு வலையமைப்பு அது நிற்கும் சொத்தின் பகுதி இல்லை, அந்தச் சொத்துக்கான வரிக்கும் இது பொருந்தும் என்று எழுதிவிட்டது. வரி மாநிலப் பட்டியல் விஷயம், அதை ஒன்றியச் சட்டத்தின் ஒரு பிரிவு இப்படிச் சுற்றிவளைத்துத் தொடலாமா? மற்ற பிரிவுகளில் டெல்லிக்கு ஏதாவது நியாயம் சொல்லலாம், இதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்படிப்பட்ட பிரிவுகளை வாக்கு எண்ணாமலே நிறைவேற்றினார்கள் என்பதால்தான் மேலே அவ்வளவு புலம்பினேன்.

கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?

சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் இந்தியாவில் அனுமதி, 2012 செப்டம்பர் 1 முதல். 900 மெகாஹெர்ட்ஸ் அலையில் சர்வதேச வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட், நமக்கு 0.45. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இந்த அலைகளை "புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்" என்ற பிரிவில் வைத்தது. நிரூபணம் ஆனது என்று அதற்கு அர்த்தம் இல்லை. சந்தேகம் இருந்தால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் 4,000 ரூபாயும் வரியும் கட்டினால் உங்கள் இடத்துக்கே வந்து அளந்து கொடுப்பார்கள். தெருவில் இருபது வீடு சேர்ந்தால் தலைக்குப் பெரிய தொகை இல்லை. அளக்காமல் வாட்ஸ்அப் படத்தை மனுவோடு இணைக்காதீர்கள், மற்ற நல்ல காரணங்களும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

ஃபைபருக்குத் தோண்டிய ரோட்டை யார் சரிசெய்ய வேண்டும்?

தோண்டியவர். ஒன்று பழையபடி போட்டுத் தர வேண்டும், இல்லை அதற்கான தொகையை மாநகராட்சிக்குக் கட்ட வேண்டும். இதில் டெல்லியைக் குறை சொல்ல வழியே இல்லை, தொகை வாங்கிய பிறகும் ரோடு பள்ளமாகக் கிடந்தால் அது முழுக்க நம் ஊர் லட்சணம். ஆரஞ்சுக் குழாய்ச் சுருள் வண்டியில் வந்து இறங்கும்போதே ரோட்டை நாலு போட்டோ எடுத்து வையுங்கள். தோண்டுகிறவர்கள் மற்றவர்களின் குழாய், கேபிள் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு குழி வெட்டுவதற்காக மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியே விட்டது. அப்படியும் தண்ணீர்க் குழாய் உடையத்தான் செய்கிறது.

மலையில் சிக்னலே இல்லை. நீங்கள் டவரை எதிர்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்களே?

நியாயமான கோபம். ஏற்காடு ஏரியைச் சுற்றி நாலு நெட்வொர்க்கும் கிடைக்கும், நாகலூர், மாரமங்கலம் தாண்டி உள்ளே போகப் போக சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு கோடு வரும், போகும். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் எந்த வளைவில் நின்றால் பேசலாம் என்று மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ரேஷன் கடை இயந்திரம் முதல் நூறு நாள் வேலை வருகைப் பதிவு வரை எல்லாம் ஆன்லைன் ஆன பிறகு சிக்னல் இல்லை என்றால் அது கூலிப் பிரச்சினை, பிரசவ நேரத்தில் உயிர்ப் பிரச்சினை.

இங்கே டெல்லிப் பணம் தேவைப்படுகிறது, மறைக்க ஒன்றும் இல்லை. லாபம் இல்லாத மலைக்குத் தனியார் நிறுவனம் தானாக வராது. நாடு முழுக்கச் சேவை இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கி பி.எஸ்.என்.எல்.லிடம் கொடுத்தது. இன்னொரு பக்கம், 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் வேலையைத் தமிழ்நாட்டில் மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் எடுத்துச் செய்கிறது. பணம் அங்கிருந்து, வேலை இங்கிருந்து. இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கிறது.

மலைவாழ் மக்கள் ஊர் என்பதால் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் இருக்குமே என்று கேட்பார்கள். அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை, அதனால் அப்படிப்பட்ட பகுதிகளின் ஊராட்சிகளுக்கான 1996ஆம் வருடத்துப் பெசா சட்டம் சேர்வராயன் மலைக்கு வராது. ஆனால் 2006 வன உரிமைச் சட்டம் வரும். அதன் பிரிவு 3(2) பள்ளி, சாலை மாதிரியே மின்சாரம், தொலைத்தொடர்புக் கம்பிகளுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை விட வழி செய்கிறது, அதற்குக் கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். "வேண்டாம்" என்று சொல்லவும் பயன்படும், "எங்களுக்கு வேண்டும், இந்த வழியாகக் கொண்டுவாருங்கள்" என்று கேட்கவும் பயன்படும். இரண்டாவதை நம் ஊர்களில் யாரும் செய்து பார்ப்பதில்லை.

இணையத்தை நிறுத்துவதும் டெல்லி கையில்தானா?

இல்லை, அதில் மாநில உள்துறைச் செயலாளரும் உத்தரவிடலாம். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் போராட்டத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தியது தமிழ்நாடு அரசு. கம்பம் நடுவதற்கு அதிகாரம் இல்லாத மாநிலம் கம்பியை அணைப்பதற்கு மட்டும் அதிகாரம் வைத்திருக்கிறது, அதைப் பற்றி எந்தக் கட்சியும் அதிகம் வாய் திறப்பதில்லை.

சரி, மனுவை எங்கே கொடுப்பது?

ரோடு, வடிகால், தெருவிளக்குக் கம்பம் என்றால் மாநகராட்சி ஆணையர். தனியார் மாடி என்றால் அங்கேயே, பொறியாளர் சான்று கேட்டு. வழியுரிமைத் தகராறு என்றால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம். கவுன்சிலரை அழைத்துப் போவது உங்கள் விருப்பம். கதிர்வீச்சு என்றால் தரங் சஞ்சார். வரி, பிரிவு 14, சீல் அதிகாரம் என்றால் இங்கே யாரிடம் கொடுத்தும் பயனில்லை, அது எம்.பி.க்கு எழுத வேண்டிய கடிதம்: அடுத்த முறை இந்தச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தால் வாக்கை எண்ணச் சொல்லிக் கேட்பீர்களா, மாட்டீர்களா என்று. சேலம்காரர்கள் சேலம் எம்.பி.க்கு, மலைக்காரர்கள் கள்ளக்குறிச்சி எம்.பி.க்கு. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.